பிடிப்பவர் ஒருவர், தீர்ப்புச் சொல்பவர் வேறொருவர்

எங்கள் மையத்தில் அன்று இரவுப் பாடம் முடிந்தது. எல்லோரும் எழுந்து போனார்கள். ஒரு அக்கா மட்டும் சிலேட்டோடு உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, போலீசு நினைத்தால் ஒருவரை எத்தனை நாள் வேண்டுமானாலும் அடைத்து வைக்கலாமா?" என்று கேட்டார்.

அவருடைய மகனை அன்று காலையில்தான் கைது செய்திருந்தார்கள். ஏதோ திருட்டு வழக்கு.

"முடியாது அக்கா. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். கொண்டுபோகும் பயண நேரம் மட்டும் இதில் சேராது. அதற்கு மேல் வைக்க மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும்" என்றேன்.

"இது யார் போட்ட விதி?"

"நம் அரசியல் சட்டம் போட்டது. அதில் 22-வது பிரிவு."

ஏன் இப்படி ஒரு விதி? நண்பர்களே, யோசித்துப் பாருங்கள்.

ஊர்த் திருவிழாவுக்குப் பணம் வசூல் செய்கிறோம். வசூலிப்பவர் ஒருவர். செலவு செய்பவர் இன்னொருவர். கணக்குப் பார்ப்பவர் வேறொருவர். மூன்றையும் ஒருவரே செய்தால் என்ன ஆகும்? அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் தப்பு நடந்தால் கேட்க ஆள் இருக்காது.

நாட்டுக்கும் இதே கணக்குத்தான்.

அதிகாரம் மூன்று கைகளில்

நம் அரசியல் சட்டம் 1950-ம் ஆண்டு ஜனவரி 26-ம் தேதி நடைமுறைக்கு வந்தது. அதன் வரைவுக் குழுவுக்குத் தலைவர் டாக்டர் அம்பேத்கர்.

சட்டம் போடுவது நாடாளுமன்றமும் சட்டமன்றங்களும். அந்தச் சட்டப்படி ஆட்சி நடத்துவது அரசாங்கம். மந்திரி, கலெக்டர், போலீசு எல்லாம் இதில் அடக்கம். சட்டப்படி நடந்ததா என்று பார்ப்பது நீதிமன்றம்.

போலீசு பிடிக்கலாம். தண்டனை கொடுக்க முடியாது. அது நீதிபதியின் வேலை. ஏன் பிடித்தோம் என்று பிடிபட்டவரிடம் சொல்ல வேண்டும். அவர் வக்கீலைப் பார்க்கவும் விட வேண்டும். தடுப்புக் காவல் சட்டத்தில் பிடித்தால் மட்டும் விதிகள் வேறு.

வேலி உடைந்த காலம்

1975-ம் ஆண்டு ஜூன் 12-ம் தேதி. பிரதமர் இந்திரா காந்தி 1971-ல் தேர்தலில் ஜெயித்தது செல்லாது என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பிரதமருக்கு எதிராகவும் ஒரு நீதிபதி தீர்ப்புச் சொல்ல முடிந்தது.

ஜூன் 25-ம் தேதி இரவு நெருக்கடி நிலை வந்தது. எதிர்க்கட்சித் தலைவர்களைச் சிறையில் போட்டார்கள். நாடு முழுவதும் ஒரு லட்சம் பேருக்கு மேல் சிறைக்குப் போனார்கள். பத்திரிகைகளுக்கும் வாய்ப்பூட்டு.

"எங்களை ஏன் அடைத்தீர்கள்?" என்று கேட்டு வழக்குப் போட்டார்கள். 1976-ல் உச்ச நீதிமன்றம், "இப்போது அப்படிக் கேட்க முடியாது" என்றது. ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் சொன்ன தீர்ப்பு அது. எச்.ஆர். கன்னா என்ற ஒருவர் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்து அவர் தலைமை நீதிபதி ஆகியிருக்க வேண்டும். ஆனால் அவரைத் தாண்டி வேறொருவருக்கு அந்தப் பதவி போனது. அவர் வேலையை விட்டு விலகினார்.

1977-ல் தேர்தல் வந்தது. மக்கள் ஓட்டுப் போட்டு அந்த ஆட்சியை மாற்றினார்கள். 1978-ல் அரசியல் சட்டத்தைத் திருத்தினார்கள். உயிர் வாழும் உரிமையையும் ஆள் சுதந்திரத்தையும் இனி நெருக்கடி நிலையிலும் நிறுத்தி வைக்க முடியாது. 1976-ல் சொன்ன தீர்ப்பு தவறு என்று 2017-ல் உச்ச நீதிமன்றமே சொன்னது.

வேலி இருந்தால் மட்டும் போதாது. அதைக் காக்க ஆளும் வேண்டும்.

அந்த அக்கா என்ன செய்தார்?

மறுநாள் விடிந்ததும் ஒரு வக்கீலோடு காவல் நிலையம் போனார். "24 மணி நேரம் ஆகப் போகிறது" என்று சொன்னார். அன்று காலையே பையனை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தினார்கள். பிறகு ஜாமீன் கிடைத்தது. வழக்கு நடக்கிறது. அவன் தப்பு செய்தானா இல்லையா என்று நீதிமன்றம் சொல்லும்.

வக்கீலுக்குப் பணம் இல்லையா? காவலில் இருப்பவருக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. பெண்களுக்கும் உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம்.

பேசிப் பார்ப்போம்

1. பிடிப்பவரே தண்டனையும் கொடுத்தால் என்ன ஆகும்?
2. நம் ஊரில் பணம், கணக்கு, முடிவு எல்லாம் ஒருவர் கையில் இருக்கும் இடம் எது?