மண் கேளாத மலர்

அமாவாசை இரவில் மேல்மலையனூர் அங்காளம்மன் சந்நிதியில் நடைபெறும் ஊஞ்சல் உற்சவத்தை அறியாதவர் நம் பக்கத்தில் இல்லை. அன்று மாலை அவ்வூர்க் கடைவீதியில் குவியும் மலர்களை மட்டும் ஒரு முறை நின்று பார்த்தால் போதும்: சாமந்தி ஒரு பக்கம், செவ்வரளி ஒரு பக்கம், சம்பங்கி, மல்லிகை, மரிக்கொழுந்து எல்லாம் கூடை கூடையாய் வந்து இறங்கும். ஆனால் பூக்கும் தாவரங்களில் மிகப் பெரிய குடும்பங்களில் ஒன்றாகிய ஆர்க்கிட் இனத்துப் பூவை அந்தக் கூடைகளில் தேடுவது வீண். அது வேறு வழியாக நம்மிடம் வந்து சேருகிறது. கல்யாண மண்டபங்களில் மணமேடையைச் சுற்றி ஊதா நிறத்தில் நீண்ட காம்புகளில் வரிசையாகப் பூக்கள் செருகியிருப்பதை நேயர்கள் பார்த்திருப்பார்கள். அவை பெரும்பாலும் தாய்லாந்து நாட்டார் கலப்பினமாக உண்டாக்கிய டெண்ட்ரோபியம் ஆர்க்கிட்கள்.

இதனால் ஆர்க்கிட் என்பது சீமைச் சரக்கு, சீமான்களின் பொழுதுபோக்கு என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. இவ்விரண்டும் தவறான எண்ணங்கள். முதலாவதைச் சரித்திரம் மறுக்கிறது. இரண்டாவதை மறுத்தவர்கள், ஆர்க்கிட் வளர்ப்பதற்கென்றே பல ஊர்களில் கூடிய சிறு சிறு சங்கத்தார். அவர்கள் செய்த காரியத்தை நம்மவர் அறிய வேண்டுமென்றே இதை எழுதுகிறேன்.

முதலில் சரித்திரம். கிழக்கிந்தியக் கம்பெனியாரின் வைத்தியராக நம் நாட்டுக்கு வந்து தாவர சாஸ்திரத்தில் பெயர் பெற்ற வில்லியம் ராக்ஸ்பர்க், சோழமண்டலக் கரையின் செடிகளைப் பற்றிப் பெரிய சித்திர நூல் ஒன்றை லண்டனில் வெளியிட்டார். அதில் 1795-இல் வெளிவந்த பகுதியில், மரக்கிளையைப் பற்றிக்கொண்டு வளரும் ஒரு செடி இடம் பெற்றது. தடித்த வார் போன்ற இலைகள். மஞ்சளும் பழுப்பும் கலந்து கட்டம் போட்டாற்போன்ற இதழ்கள். நடுவில் நீலம் தோய்ந்த உதடு. அதே 1795-ஆம் வருஷத்தில், முந்திய ஆண்டு காலமாகிவிட்ட கல்கத்தா நீதிபதி ஸர் வில்லியம் ஜோன்ஸ் எழுதிவைத்த குறிப்பும் அச்சாயிற்று. அவர் வடமொழியிலிருந்தே ஒரு பெயரை எடுத்து அச்செடிக்கு ‘வாண்டா’ என்று சூட்டியிருந்தார். மரத்தின் மேல் வாழும் செடிகளை வடமொழியில் ‘வந்தா’ என்பார்கள். இன்று உலகமெங்கும் பூச்சந்தைகளில் உயர்ந்த விலைக்குப் போகும் வாண்டா வர்க்கம் முழுவதற்கும் பெயர் கொடுத்தது, நம் கிழக்குக் கரைச் சமவெளியிலும் குன்றுகளிலும் வளரும் இந்த எளிய செடிதான். சாஸ்திரிகள் இப்போது இதை வாண்டா டெஸ்ஸலாட்டா என்று வழங்குகிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. செஞ்சி, திண்டிவனம் பக்கத்து உழவர் மல்லாட்டை என்று அன்போடு அழைக்கும் வேர்க்கடலை, தென் அமெரிக்காவிலிருந்து வந்த பயிர். மணிலாக்கொட்டை என்ற பெயரே அது கப்பலேறி வந்த கதையைச் சொல்லும். வந்தவன் வீட்டுப் பிள்ளை ஆகிவிட்டான். வீட்டுப் பிள்ளையாகிய வாண்டாவை அந்நியன் என்கிறோம்!

இன்னொரு பெயரையும் இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை. ராபர்ட் ஒயிட் என்ற மற்றொரு கம்பெனி வைத்தியர் 1838 முதல் 1853 வரை தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றி இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சித்திரங்கள் கொண்ட ஆறு பாகங்களை வெளியிட்டார். அவருக்காகச் சித்திரம் எழுதியவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற நம் நாட்டுக் கலைஞர் இருவர். அக்காலத்தில் இத்தகைய நூல்களுக்கு உழைத்த இந்திய ஓவியர்களில் பலருடைய பெயர் கூட நமக்குக் கிடைக்கவில்லை. ஒயிட் அப்படி மறைக்கவில்லை. கடைசிப் பாகத்தில், ஓர் ஆர்க்கிட் இனத்துக்கே ‘கோவிந்தூயியா’ என்று தம் ஓவியரின் பெயரைச் சூட்டினார். பிற்காலத்துச் சாஸ்திரிகள் அந்த இனத்தை வேறொன்றோடு சேர்த்துவிட்டதால் பெயர் வழக்கொழிந்தது. ஆயினும் பழைய ஏடுகளில் அது நிற்கிறது.

மரத்தின் மேல் எது வளர்ந்தாலும் அதைப் புல்லுருவி என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவது நம் வழக்கம். ‘வந்தா’ என்ற வடமொழிப் பெயரும் இந்த இரு சாதிகளையும் பிரித்துப் பார்க்கவில்லை. புல்லுருவி மரத்துக்குள் தன் வேரைப் புகுத்தி அதன் சாற்றை உறிஞ்சும். ஆர்க்கிட் அப்படிச் செய்வதில்லை. அது மரத்தைக் குடியிருக்கும் திண்ணையாக மட்டுமே கொள்கிறது. அதன் வெண்மையான வேரின் மேல் பஞ்சு போன்ற ஓர் உறை இருக்கிறது. மழையையும் பனியையும் அது உறிஞ்சிக்கொள்ளும். பட்டைமேல் படியும் தூசியிலும் சருகிலும் உள்ள சத்தே ஆகாரம். நனைந்தவுடன் அந்த வெள்ளை வேர் பச்சையாக மாறுவதைப் பிள்ளைகளுக்குக் காட்டினால், பாடப் புத்தகத்தின் பத்துப் பக்கங்கள் புகட்டாததை அவர்கள் ஒரு நிமிஷத்தில் கற்றுக்கொள்வார்கள். மாமரத்தில் வாண்டாவைக் கண்டால் அரிவாள் எடுக்கத் தேவையில்லை.

அரிவாளைக் காட்டிலும் பெரிய ஆபத்து ஆசையினால் வந்தது. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் ஐரோப்பியச் சீமான்களை ஆர்க்கிட் பித்து பிடித்து ஆட்டியது. ஜோஸப் ஹூக்கர் 1850-இல் காசி மலைக்குச் சென்றபோது, நீல வாண்டாவை ஏழு ஆள் சுமை சேகரித்துக் கியூ தோட்டத்துக்கு அனுப்பினார். அவற்றில் உயிரோடு போய்ச் சேர்ந்தவை மிகச் சில. அதை அவரே தம் பிரயாண நூலில் எழுதியிருக்கிறார். கொலம்பியா நாட்டில் ஆல்பர்ட் மில்லிகன் என்ற வேட்டைக்காரர் பதினாயிரம் செடிகளுக்காகச் சுமார் நாலாயிரம் மரங்களை வெட்டிச் சாய்த்ததாக 1891-இல் தாமே அச்சிட்டார். இதற்கு வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. நம் தெற்கே அகத்தியர் மலையில் வாழும் பாபியோபெடிலம் ட்ரூரியை என்ற பாதுகை வடிவப் பூவுக்கும் இதே கதி நேர்ந்தது. தென்னிந்தியாவுக்கு உரிய பாதுகை ஆர்க்கிட் அது ஒன்றுதான். சேகரிப்பவர்களின் கை பட்டுப் பட்டு, காட்டில் அதைக் காண்பதே அரிதாயிற்று. 1975-இல் அமலுக்கு வந்த சர்வதேச ஒப்பந்தத்தில் ஆர்க்கிட் குடும்பம் முழுவதும் சேர்க்கப்பட்டிருக்கிறது. நம் நாட்டில் 1991-இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நீல வாண்டாவுக்கும் பாதுகைப் பூக்களுக்கும் காவல் அளித்தது.

சட்டம் ஒரு வேலி. ஆனால் ஆசைப்படுகிறவனுக்கு வேறு வழியில் செடி கிடைத்தாலன்றி வேலி நெடுநாள் நிற்காது. அந்த வேறு வழி என்ன?

விதையிலிருந்து வளர்ப்பதுதான். கேட்பதற்கு எளிது. ஆனால் இந்த ஒரு சங்கதியில் சாஸ்திரிகள் பல காலம் திண்டாடினார்கள். ஓர் ஆர்க்கிட் காயில் லட்சக்கணக்கான விதைகள் இருக்கலாம், ஒவ்வொன்றும் தூசி. நெல்லிலும் அவரையிலும் முளைக்கு வேண்டிய ஆகாரத்தைத் தாய் கட்டிக்கொடுத்து அனுப்புகிறாள். ஆர்க்கிட் விதையோ கட்டுச்சோறு இல்லாத யாத்திரிகன். காட்டில் ஒருவிதக் காளான் நூல் அதற்குள் புகுந்து ஊட்டினால்தான் அது முளைக்கும். இந்த இரகசியத்தை 1899-இல் நோயல் பெர்னார்ட் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டார். 1922-இல் அமெரிக்கரான லூயிஸ் நட்ஸன், காளானே இல்லாமல், சர்க்கரையும் உப்புச் சத்துக்களும் கலந்த கடற்பாசிக் கூழில் விதையை முளைக்க வைக்கலாம் என்று காட்டினார். கூழும் குடுவையும் கிருமியற்றிருக்க வேண்டும், அவ்வளவே.

இந்த வித்தையைப் பண்டிதர் கையிலிருந்து வீட்டு முற்றத்துக்குக் கொண்டுவந்தவை சங்கங்கள். அவற்றில் நமக்கு மிக அருகில் நின்றது, தமிழர் பல தலைமுறையாக வாழும் ஸிங்கப்பூரில் 1928-இல் தோன்றிய மலாயா ஆர்க்கிட் சங்கம். அரசாங்கத் தாவரத் தோட்டத்தின் தலைவர் எரிக் ஹோல்ட்டம், வக்கீல் ஜான் லேகாக், அர்மீனிய வமிசத்தவரான எமில் காலிஸ்டன் ஆகிய மூவரும் அதைத் தொடங்கினார்கள். ஒருவர் சாஸ்திரம் அறிந்தவர். மற்றவர்கள் ஆசையினால் வளர்த்தவர்கள். நல்ல சங்கத்துக்கு இந்தச் சேர்க்கையே வேண்டும் என்பது என் அபிப்பிராயம். பண்டிதர்கள் மட்டும் கூடினால் கட்டுரை பிறக்கும். ஆசைக்காரர்கள் மட்டும் கூடினால் பெருமை பேச்சுப் பிறக்கும். இருவரும் கூடினால் நாற்றுப் பிறக்கும். 1931-இல் அவர்கள் தங்களுக்கென்று ஒரு பத்திரிகையும் தொடங்கினார்கள். ஹோல்ட்டம் நட்ஸனுடைய முறையைத் தோட்டத்தில் கையாண்டு கலப்பினங்களை உண்டாக்க, அந்த முறை தோட்டத்தின் மதிலைத் தாண்டிப் பொதுமக்களிடம் பரவிற்று. மலாயாச் சங்கம் இப்போது தென்கிழக்கு ஆசிய ஆர்க்கிட் சங்கம் என்ற பெயரில் நடந்துவருகிறது.

அந்த ஊருக்கு ஒரு பாக்கியம் முன்னமே வாய்த்திருந்தது. ஆக்னஸ் ஜோக்கிம் என்ற பெண்மணியின் தோட்டத்துப் பூ ஒன்றை 1893-இல் அப்போதைய தோட்டத் தலைவர் ரிட்லி உலகுக்கு அறிவித்தார். இரண்டு வாண்டாக்களின் கலப்பாகிய அதற்கு ‘வாண்டா மிஸ் ஜோக்கிம்’ என்று பெயரும் வைத்தார். அதன் விசேஷம் அழகு மட்டும் அன்று. ஒரு முழம் தண்டை ஒடித்து நட்டால், நல்ல வெயிலில் அது தழைக்கும். ஆகவே விலை கொடாமலே ஒருவர் வேலியிலிருந்து மற்றவர் வேலிக்கு அது போயிற்று. ஹவாய்த் தீவில் அதையே லட்சக்கணக்கில் பயிரிட்டு, மாலை கட்டவும் விமானத்தில் அமெரிக்காவுக்கு அனுப்பவும் செய்தார்கள். 1981-இல் ஸிங்கப்பூர் அதைத் தன் தேசிய மலராக வரித்தது. வெட்டித் தந்த துண்டுத் தண்டுகளினால் ஒரு பூ தேசத்தின் அடையாளமாகிவிட்டது! இலங்கையிலும் 1934-இல் ஆர்க்கிட் வட்டம் ஒன்று தோன்றிற்று.

இத்தகைய சங்கங்களில் என்னதான் நடக்கும் என்று நேயர்கள் கேட்கலாம். பெரிய ஆரவாரம் ஒன்றும் இல்லை. மாதம் ஒரு முறை கூடுவார்கள். அவரவர் வீட்டில் பூத்த தொட்டியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைப்பார்கள். ஏன் பூத்தது, பக்கத்து வீட்டுச் செடி ஏன் பூக்கவில்லை என்ற தர்க்கம் நடக்கும். அழுகிய வேரையும் வெட்கமின்றிக் காட்டுவார்கள். பிரிந்த கன்றுகள் கைமாறும். காயைப் பறித்து விதைப்பவர் வீட்டில், சமையலறைப் பிரஷர் குக்கரே கிருமி போக்கும் யந்திரமாகும். அன்று அந்த வீட்டுப் பருப்பு எந்தப் பாத்திரத்தில் வெந்தது என்பது இல்லத்தரசியைக் கேட்டால்தான் தெரியும். வருஷத்துக்கு ஒரு முறை கண்காட்சி. பரிசு ஒரு சிறு கோப்பை. இவ்வளவில் நடக்கும் பெரிய காரியம், காட்டிலிருந்து பெயர்த்த செடிக்கு மதிப்புக் குறைந்து, விதையில் வளர்த்த செடிக்கு மதிப்பு உயர்வதே. எவ்விடத்துச் செடி என்று கேளாமல் பரிசு கொடுக்கும் சங்கமோ, தன்னை அறியாமல் காட்டைக் கொள்ளையிடுபவனுக்குத் தரகு செய்கிறது.

நம் தமிழ்நாட்டில் இதற்கு ஆதாரங்கள் இல்லாமல் இல்லை. சென்னையில் 1835-இல் ஏற்பட்ட விவசாய தோட்டக்கலைச் சங்கம் இருக்கிறது. ஏற்காட்டில் இந்தியத் தாவர ஆய்வு நிறுவனத்தார் தேசிய ஆர்க்கிட் தோட்டம் ஒன்றை வைத்திருக்கிறார்கள். கோடை விடுமுறைக்குப் போகிறவர்கள் படகோடு திரும்பிவிடாமல் அதையும் பார்த்து வரலாம். கேரளத்துப் பாலோடு தாவரத் தோட்டத்தார், அருகிவரும் ஆர்க்கிட்களைப் பரிசோதனைச் சாலையில் பெருக்கிக் காட்டுக்கே திரும்பக் கொடுத்திருக்கிறார்கள்.

மேல்மலையனூர் போன்ற வறண்ட ஊரில் இது நடக்குமா? மலைநாட்டுக் குளிரைக் கேட்கும் இனங்களை வாங்கி வைத்தால் பங்குனி தாண்டாது. ஆனால் வாண்டா டெஸ்ஸலாட்டா வறண்ட காட்டிலேயே பிறந்தது. சந்து விட்ட மரக் கூடையில் கரித்துண்டும் ஓட்டுத் துண்டும் போட்டு, ஒரு பிடி மண்ணும் இடாமல், காலை வெயில் படும் கிழக்குத் தாழ்வாரத்தில் தொங்கவிடலாம். வேப்ப மரத்திலோ மாமரத்திலோ தேங்காய் நாரால் கட்டியும் வைக்கலாம். அக்கினி நட்சத்திரத்தில் மட்டும் ஒரு நிழல் வலை வேண்டும். நீர் வார்ப்பது காலையில். எங்கள் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் நீர் உப்புக் கரிக்கும். அதை வார்த்தால் வேரின் மேல் வெள்ளை பூத்துச் செடி நலியும். ஐப்பசி, கார்த்திகை மழையைக் கூரையிலிருந்து பிடித்து வைப்பவருக்குப் பாதிக் கவலை தீர்ந்தது.

செடியைக் காட்டு மரத்திலிருந்து பெயர்க்கக் கூடாது. ரிஸர்வ் காட்டில் அது குற்றமும் ஆகும். காய் பழுத்ததும் ஒன்றை மட்டும், மரத்துக்கு உரியவரைக் கேட்டுக்கொண்டு பறித்து விதைக்கலாம். அல்லது நாற்று விற்பவர்களிடம் விதையில் வளர்ந்தது எனக் கேட்டு வாங்கலாம். எட்டுக் குடும்பங்கள் சேர்ந்தால் ஒரு வட்டம் ஆயிற்று. பள்ளிப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்வது நல்லது; பெரியவர்களுக்கு இல்லாத பொறுமை அவர்களுக்கு இருக்கிறது. குடுவையிலிருந்து எடுத்த நாற்று பூக்க நாலைந்து வருஷம் செல்லும். ஆறாம் வகுப்பில் அதைக் கூடையில் கட்டிய சிறுமி, பத்தாம் வகுப்புப் பரீக்ஷைக்குப் படிக்கும் கோடையில் முதல் பூங்காம்பைக் காணலாம்.