நோன்பு வைக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கு: செவிலியர்கள் சொல்வது

ரமலானில் மயங்கிய நிலையில் எங்கள் வார்டுக்கு வரும் சர்க்கரை நோயாளிகளில் பலர், நோன்பு வைப்பதை மருத்துவரிடம் முன்கூட்டிச் சொன்னதே இல்லை. சொன்னால் வைக்கக் கூடாது என்பார்களோ என்ற பயம்தான். இதை நாமாகக் கேட்க வேண்டும் என்று பயிற்சிக் காலத்தில் எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நோயாளிகளிடம்தான் கற்றோம். இப்போது ஷஅபானிலேயே கேட்டுவிடுகிறோம். பெண்கள் எங்களிடம் கொஞ்சம் மனம்விட்டுப் பேசுகிறார்கள். இந்தப் படிப்புக்கு நமது பிள்ளைகள் இன்னும் வர வேண்டும் என்று நாங்கள் சொல்வது அதனால்தான்.

சொன்னால் வழி இருக்கிறது. மாத்திரை, இன்சுலின் அளவையும் நேரத்தையும் சஹருக்கும் இஃப்தாருக்கும் ஏற்ப மருத்துவர் மாற்றித் தருவார். நீங்களாக மாற்றாதீர்கள். விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தால் நோன்பு முறியாது என்பதே உலமாக்களின் கருத்து. ஆகவே கைநடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் உடனே பாருங்கள். 70க்குக் கீழே இறங்கினாலோ 300ஐத் தாண்டினாலோ, மஃரிபுக்கு அரை மணி நேரமே இருந்தாலும், நோன்பை விட்டுவிடுங்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. பிறகு களா செய்யலாம். அதற்கும் இயலாத நாட்பட்ட நோயாளி ஃபித்யா கொடுக்கலாம்.

செலவுக்குப் பயந்து மாத்திரையை நிறுத்தியவர்களும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை மாத்திரை இலவசம். நடமாட முடியாதவர்களுக்கு, 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து தருகிறார்கள். பிறை பார்ப்பதற்கு முன்பே ஒருமுறை போய்வாருங்கள்; பழைய சீட்டையும் மாத்திரை அட்டையையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.