குளிர்காலத்தில் தோட்டக்குள மீன் பராமரிப்பு

குளிர்காலத்தில் தோட்டக்குள மீன் பராமரிப்பு என்பது, நீர் உறையுமளவு குளிர் நிலவும் நாடுகளில் வீட்டுத் தோட்டக் குளங்களில் வளர்க்கப்படும் அழகு மீன்களைக் குளிர்காலம் முடியும் வரை உயிருடன் காக்கும் முறைகளைக் குறிக்கும். கனடா, அமெரிக்காவின் வட மாநிலங்கள், வட ஐரோப்பிய நாடுகள், ஜப்பானின் பனிப்பகுதிகள் ஆகியவற்றில் இது மீன் வளர்ப்போர் ஆண்டுதோறும் செய்யவேண்டிய பணியாகும். தமிழர்கள் மிகுதியாக வாழும் டொராண்டோவில் ஜனவரி மாதத்தில் வெப்பநிலை -20° செல்சியஸ் வரை இறங்கும் நாட்கள் உண்டு.

இக்குளங்களில் பெரும்பாலும் தங்கமீனும் கோய் மீனும் வளர்க்கப்படுகின்றன. இரண்டும் கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. குளிர்ந்த நீரைத் தாங்கக்கூடியவை. குளத்தின் மேற்பரப்பு உறைந்தாலும் அடியில் அவை உயிருடன் இருக்கும். ஆயினும் பனிக்கட்டி உருகும்போது இறந்த மீன்கள் மிதப்பதைப் பலர் காண்கின்றனர். பல வேளைகளில் இம்மீன்கள் குளிரால் இறப்பதில்லை. மூடிய பனிக்கட்டியின் கீழ் மூச்சுத் திணறி இறக்கின்றன. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்வதே பராமரிப்பின் அடிப்படையாகும்.

குளம் அடிவரை உறையாததன் காரணம்

பெரும்பாலான திரவங்கள் குளிரக் குளிர அடர்த்தி மிகும். நீர் இதற்கு விலக்காகும். ஏறக்குறைய 4° செல்சியசில் நீர் தன் உச்ச அடர்த்தியை அடைகிறது. அதற்கும் கீழே குளிரும்போது மீண்டும் அடர்த்தி குறைகிறது. உறையும்போது அதன் பருமன் ஏறக்குறைய 9 விழுக்காடு கூடுவதால் பனிக்கட்டி நீரில் மிதக்கிறது.

எனவே குளிர்காலக் குளத்தில் பனிக்கட்டி மேலே இருக்கும். அதை ஒட்டிய நீர் 0° செல்சியசுக்கு அருகிலும், அடியிலுள்ள நீர் 4° செல்சியசுக்கு அருகிலும் இருக்கும். மேலே மூடிய பனிக்கட்டியும் அதன்மீது படியும் வெண்பனியும் போர்வை போலச் செயல்பட்டுக் கீழுள்ள நீர் மேலும் குளிர்வதைத் தாமதப்படுத்துகின்றன. மீன்கள் அடியிலுள்ள இந்த 4° செல்சியஸ் நீரில்தான் குளிர்காலத்தைக் கழிக்கின்றன.

குளிரில் மீனின் உடல்

மீன் குளிர் இரத்த விலங்கு. அதன் உடல் வெப்பநிலை சுற்றியுள்ள நீரின் வெப்பநிலையைப் பின்பற்றும். நீர் குளிரும்போது இதயத் துடிப்பு, மூச்சு, செரிமானம் அனைத்தும் மெதுவாகின்றன. மீன் குளத்தின் அடியில் ஏறத்தாழ அசைவின்றி நிற்கும். உடலில் சேர்த்துவைத்த கொழுப்பைச் சிறிது சிறிதாகச் செலவிட்டு உயிர்வாழும்.

குளிர்நீரில் கரையும் ஆக்சிஜனின் அளவும் அதிகம். கடல் மட்டத்தில், 30° செல்சியஸ் நன்னீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 7.6 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 0° செல்சியசில் இது 14.6 மில்லிகிராம் ஆகும். தேவை குறைந்து இருப்பு கூடுவதால், குளிர் மட்டுமே மீனைக் கொல்வது அரிது.

தங்கமீனுக்கு இன்னொரு சிறப்புத் திறனும் உண்டு. ஆக்சிஜன் இல்லாதபோது பெரும்பாலான முதுகெலும்பிகளின் உடலில் லாக்டிக் அமிலம் தேங்கி உயிருக்கு ஆபத்தாகிறது. தங்கமீனும் அதன் நெருங்கிய உறவான குருசியன் கெண்டையும் அந்த அமிலத்தை எத்தனால் என்னும் சாராயமாக மாற்றிச் செவுள்கள் வழியே நீரில் வெளியேற்றிவிடுகின்றன. ஆஸ்லோ, லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதற்குக் காரணமான நொதியமைப்பை 2017 ஆம் ஆண்டு விளக்கினர். கோய் மீனுக்கு இத்திறன் இல்லை. ஒரே குளத்தில் தங்கமீன்கள் பிழைத்துக் கோய் மீன்கள் இறந்துபோவதற்கு இது ஒரு காரணமாகும்.

மீன்கள் இறப்பதற்கான காரணங்கள்

பனிக்கட்டி குளத்தை முழுமையாக மூடியதும் நீருக்கும் காற்றுக்கும் இடையேயான வாயுப் பரிமாற்றம் நின்றுவிடுகிறது. அதன்மேல் வெண்பனி படிந்தால் ஒளியும் உள்ளே செல்லாது. பாசிகளும் நீர்த்தாவரங்களும் ஆக்சிஜன் உண்டாக்குவது நின்றுபோகும். அதே வேளையில் அடியில் கிடக்கும் இலைகள், மீன் கழிவு, தின்னாத உணவு ஆகியவை மெதுவாக அழுகி, எஞ்சிய ஆக்சிஜனையும் எடுத்துக்கொள்கின்றன. கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன், ஹைட்ரஜன் சல்ஃபைடு போன்ற வாயுக்கள் வெளியேற வழியின்றி நீரிலேயே தங்குகின்றன. ஹைட்ரஜன் சல்ஃபைடு மிகச் சிறிய அளவிலேயே மீனுக்கு நஞ்சாகும்.

ஆழம் குறைந்த குளம், அளவுக்கு மீறிய மீன்கள், அடியில் தடித்த சேறு ஆகிய மூன்றும் இந்த ஆபத்தை அதிகரிக்கின்றன.

குளத்தின் ஆழம்

குளிர் மிகுந்த பகுதிகளில் கோய் வளர்க்கும் குளத்தின் ஒரு பகுதியாவது 90 செ.மீ முதல் 1.2 மீட்டர் வரை ஆழமாக இருக்கவேண்டும் என்பது பொதுவான பரிந்துரையாகும். மிதமான குளிருள்ள இடங்களில் தங்கமீனுக்கு 60 செ.மீ ஆழம் போதும். இதைவிட ஆழம் குறைந்த தொட்டிகளும் சிறு குளங்களும் அடிவரை உறையக்கூடும். அவற்றிலுள்ள மீன்களைக் குளிர்காலத்திற்கு முன்பே வேறு இடத்திற்கு மாற்றவேண்டும்.

இலையுதிர்காலத் தயாரிப்பு

குளிர்காலத்தில் மீன் பிழைக்குமா என்பது பெரும்பாலும் இலையுதிர்காலத்தில் செய்யும் வேலையைப் பொறுத்தது. செய்யவேண்டியவை:

• மரங்கள் இலையுதிர்க்கத் தொடங்கும் முன்பே குளத்தின்மேல் வலை கட்டுதல்.
• அடியில் சேர்ந்த இலைகளையும் சேற்றையும் கைவலையால் அள்ளி அகற்றுதல். முழுக் குளத்தையும் இறைத்துக் கழுவ வேண்டியதில்லை.
• வாடிய தாவரத் தண்டுகளை வெட்டி எடுத்தல். குளிரைத் தாங்கும் அல்லித் தொட்டிகளை ஆழமான பகுதிக்கு நகர்த்தலாம். ஆகாயத்தாமரை, வெங்காயத்தாமரை போன்ற வெப்பமண்டலத் தாவரங்கள் உறைபனியில் அழுகிவிடும் என்பதால் அவற்றை எடுத்துவிடவேண்டும்.
• செயற்கை அருவியை நிறுத்துதல். குளிர்ந்த காற்றில் விழும் நீர் குளம் முழுவதையும் வேகமாகக் குளிரச் செய்யும்.
• வெளியே உள்ள வடிகட்டியிலும் குழாய்களிலும் நீரை வடித்துவிடுதல். இல்லாவிடில் உறையும் நீர் விரிந்து அவற்றை உடைத்துவிடும்.
• மீன்களின் எண்ணிக்கையைப் பார்த்து, மிகுதியானவற்றை வேறு வளர்ப்போருக்குக் கொடுத்தல்.

உணவளித்தல்

உணவளிப்பதை நாட்காட்டியைக் கொண்டு அல்ல, நீரின் வெப்பநிலையைக் கொண்டு முடிவு செய்யவேண்டும். குளத்தில் ஒரு மிதக்கும் வெப்பமானி இருப்பது நல்லது.

• 15° செல்சியசுக்கு மேல்: வழக்கமான உணவு.
• 15° முதல் 10° வரை: உணவின் அளவைப் படிப்படியாகக் குறைத்து, எளிதில் செரிக்கும் கோதுமை முளை கலந்த உணவைக் கொடுக்கலாம்.
• 10° செல்சியசுக்குக் கீழ்: உணவு கொடுப்பதை முற்றிலும் நிறுத்தவேண்டும்.

குளிர்காலத்தின் நடுவில் வெயில் அடிக்கும் ஒரு நாளில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கக்கூடும். இரக்கப்பட்டு அப்போது உணவு போடுவது தீங்காக முடியும். குளிரில் செரிமானம் மிக மெதுவாக நடப்பதால் உணவு குடலில் தங்கிவிடும். தின்னாத உணவு அழுகி நீரைக் கெடுக்கும். கழிவிலுள்ள அமோனியாவை மாற்றும் நுண்ணுயிரிகளும் குளிரில் சரிவரச் செயல்படுவதில்லை. நன்கு தின்று கொழுத்த மீன் பல மாதங்கள் உணவின்றி இருக்கும்.

பனிக்கட்டியில் திறப்பு வைத்தல்

குளம் முழுவதையும் உறையாமல் வைக்கத் தேவையில்லை. தீய வாயுக்கள் வெளியேறவும் ஆக்சிஜன் உட்புகவும் ஒரு சிறு திறப்பு இருந்தால் போதும். இதற்கு இரு கருவிகள் பயன்படுகின்றன.

மிதக்கும் சூடேற்றி: நீரின் மேல் மிதந்து தன்னைச் சுற்றியுள்ள பனிக்கட்டியை மட்டும் உருக்கும் மின்கருவி இது. குளத்தைச் சூடாக்குவது இதன் வேலை அல்ல. வெப்பநிலையைப் பொறுத்துத் தானே இயங்கி நிற்கும் வகை மின்சாரத்தை மிச்சப்படுத்தும். வெளிப்புற மின் இணைப்பில் மின்கசிவுத் தடுப்பான் கட்டாயம் இருக்கவேண்டும்.

காற்றுப் பம்பு: காற்றுக்கல் வழியே எழும் குமிழிகள் நீரை அசைத்துத் திறப்பை உறையாமல் வைக்கின்றன, ஆக்சிஜனும் சேர்கிறது. காற்றுக்கல்லைக் குளத்தின் ஆழமான இடத்தில் வைக்கக்கூடாது. வைத்தால் அடியிலுள்ள 4° செல்சியஸ் நீர் மேலுள்ள குளிர்நீருடன் கலந்து, மீன்களின் புகலிடமே குளிர்ந்துவிடும். ஓரமாக, நீர்மட்டத்திலிருந்து ஏறக்குறைய ஓர் அடி ஆழத்தில் வைப்பதே சரி. மிகக் கடுங்குளிரில் குமிழிகளால் மட்டும் திறப்பைக் காக்க இயலாமல் போகலாம். அப்போது இரு கருவிகளும் தேவைப்படும்.

திறப்பு மூடிக்கொண்டால், வெந்நீர் நிரப்பிய பாத்திரத்தைப் பனிக்கட்டியின்மேல் வைத்து மெதுவாக உருகச் செய்யலாம். பனிக்கட்டியின்மேல் படிந்த வெண்பனியில் ஒரு பகுதியைக் கரையில் நின்றபடியே துடைத்துவிட்டால் உள்ளே ஒளி செல்லும்.

செய்யக்கூடாதவை

• சுத்தியலாலோ கடப்பாரையாலோ பனிக்கட்டியை உடைத்தல். அந்த அதிர்வு நீர் வழியே பரவி, அடியில் ஓய்ந்திருக்கும் மீன்களைக் கடுமையாகப் பாதிக்கும்.
• கொதிநீரைக் குளத்தில் நேரடியாக ஊற்றுதல்.
• பனிக்கட்டியை உருக்க உப்புக் கொட்டுதல்.
• அசையாமல் நிற்கும் மீனைக் குச்சியால் தொட்டுப் பார்த்தல். அசைவின்மை இறப்பின் அடையாளம் அல்ல. விரட்டப்படும் மீன் வசந்தம் வரை தேவைப்படும் ஆற்றலை வீணாக்குகிறது.
• பனிக்கட்டியின்மேல் நடத்தல். குழந்தைகளை இதிலிருந்து காப்பது மிக முக்கியம்.

வீட்டுக்குள் மாற்றவேண்டிய மீன்கள்

நீண்ட உடலும் ஒற்றை வாலும் கொண்ட சாதாரணத் தங்கமீன் வகைகள் குளிரைத் தாங்கும். ஒராண்டா, ராஞ்சு போன்ற உருண்டை உடல் கொண்ட வகைகளுக்கு அத்தாங்குதிறன் குறைவு. அவற்றையும் நோயுற்ற மீன்களையும் மிகச் சிறிய குஞ்சுகளையும் உள்ளே மாற்றுவது பாதுகாப்பானது. நீர் மிகவும் குளிர்வதற்கு முன்பே, குளத்து நீரையே ஓரளவு சேர்த்து மாற்றவேண்டும். குழாய் நீர் பயன்படுத்தினால் குளோரினை நீக்கவேண்டும். திடீர் வெப்பநிலை மாற்றம் மீனுக்குக் கேடு. உள்ளே வைக்கும் தொட்டிக்கு வடிகட்டி, காற்று, தாவிக் குதிக்காமல் காக்கும் மூடி ஆகியன தேவை.

நீகதாவின் முறை

வண்ணக் கோய் மீன்களின் பிறப்பிடம் ஜப்பானின் நீகதா மாவட்டத்து மலைக்கிராமங்களாகும். யமகோஷி, ஒஜியா பகுதிகளின் உழவர்கள் உணவுக்காக வளர்த்த கெண்டைகளிலிருந்து 19 ஆம் நூற்றாண்டில் வண்ண மீன்களைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கினர். 1914 ஆம் ஆண்டு டோக்கியோ கண்காட்சியில் வைக்கப்பட்ட பின் இவை நாடெங்கும் அறியப்பட்டன. ஜப்பானிலேயே மிகுதியாக வெண்பனி பொழியும் பகுதிகளில் இதுவும் ஒன்று. எனவே இங்குள்ள வளர்ப்போர் கோடையில் மண் குளங்களில் வளரும் மீன்களை இலையுதிர்காலத்தில் பிடித்து, கூரையிட்ட உட்குளங்களுக்கு மாற்றிவிடுகின்றனர். குளிரைத் தாங்கும் மீனாயினும், மதிப்பு மிக்கதை அவர்கள் பனிக்கட்டியின் கீழ் விடுவதில்லை.

இளவேனிலில் கவனிக்கவேண்டியவை

குளிர்காலம் முடிந்தாலும் ஆபத்து முடிவதில்லை. நீர் மெல்லச் சூடாகும்போது நோய்க் கிருமிகளும் ஒட்டுண்ணிகளும் முதலில் சுறுசுறுப்படைகின்றன. மீனின் நோய் எதிர்ப்பாற்றல் மெதுவாகவே மீள்கிறது. மெலிந்திருக்கும் மீன்களில் புண், செதில் உதிர்வு போன்றவை தோன்றுவது இக்காலத்தில்தான். நீர் 10° செல்சியசுக்கு மேல் நிலையாக நின்ற பிறகே உணவைச் சிறிது சிறிதாகத் தொடங்கவேண்டும். வடிகட்டியின் நுண்ணுயிரிகள் மீண்டும் பெருகும் வரை அமோனியா அளவைச் சோதித்து, தேவைப்பட்டால் நீரின் ஒரு பகுதியை மாற்றவேண்டும்.

இயற்கை நீர்நிலைகளில் விடுவதன் தீங்கு

குளிர்காலப் பராமரிப்பின் சிரமத்தைத் தவிர்க்கச் சிலர் மீன்களை அருகிலுள்ள ஏரியிலோ மழைநீர்க் குளத்திலோ விட்டுவிடுகின்றனர். குளிரில் அவை இறந்துவிடும் என்ற எண்ணம் தவறு. ஆக்சிஜன் குறைந்த நீரிலும் வாழும் திறனால் தங்கமீன்கள் கனடாவின் ஆல்பர்ட்டா, ஒன்ராறியோ மாகாண நீர்நிலைகளில் பல்கிப் பெருகியுள்ளன. அவை அடிமண்ணைக் கிளறி நீரைக் கலக்குவதுடன் உள்ளூர் மீன்களின் உணவையும் பறிக்கின்றன. வளர்க்க இயலாத மீனை வேறு வளர்ப்போரிடமோ, ஏற்றுக்கொள்ளும் கடைகளிடமோ ஒப்படைப்பதே முறையாகும்.