குளத்தைச் சுற்றிக் கண்ணாடி வேலி

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தை ஒட்டிப் பாலி தீர்த்தம் என்ற குளம் இருக்கிறது. கற்படிகளில் ஒவ்வொன்றாக இறங்கித்தான் நீரைத் தொட வேண்டும். வீட்டு நீச்சல் குளம் அப்படியல்ல. அதன் ஓரம் செங்குத்தானது. தளர்நடை போடும் குழந்தை ஓரடி தவறினால் ஆழம்தான். மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கூச்சலிடுவதும் இல்லை. ஆகவே அந்தப் பகுதியில் ஒருவர் வீட்டில் குளம் கட்டினால், வேலியைப் பற்றித்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

கம்பி வேலி மலிவு. ஆனால் குறுக்குக் கம்பிகள் குழந்தைக்கு ஏணியாகிவிடும். சுவரோ பார்வையை மறைக்கும். கண்ணாடியில் கால் வைக்க இடமில்லை; வீட்டுக்குள்ளிருந்தே குளமும் தெரியும். (அவ்வட்டாரத்துக் குரங்குகளை மட்டும் இந்த வேலி தடுக்காது!)

‘கண்ணாடி உடையாதா?’ என்று கேட்பீர்கள். சாதாரண ஜன்னல் கண்ணாடி உடையும்; அதன் சில்லுகள் கத்திபோல் வெட்டும். வேலிக்கு ஏற்றது, கடைக்காரர்கள் ‘டஃபன்டு கிளாஸ்’ என்று சொல்லும் கடினப்படுத்திய கண்ணாடி. கண்ணாடிப் பலகையை 600 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடாக்கி, இருபுறமும் காற்றைப் பீய்ச்சிச் சட்டென்று குளிர்விப்பார்கள். மேற்பரப்பு முதலில் இறுகிவிடும். உட்பகுதி பிறகுதான் குளிர்ந்து சுருங்க முயலும். அப்போது மேற்பரப்பையும் உள்நோக்கி இழுக்கும். இதனால் மேற்பரப்பு அமுக்கத்திலும் உட்பகுதி இழுவிசையிலும் நிலைத்துவிடுகின்றன. விரிசல் பிளக்க வேண்டுமானால் முதலில் அந்த அமுக்கத்தை வெல்ல வேண்டும். அதனால்தான் இதற்குச் சாதாரணக் கண்ணாடியைப்போல் சுமார் நான்கு மடங்கு வலிமை. மீறி உடைந்தால், கார் பக்கக் கண்ணாடியைப் போல, கூர் மழுங்கிய சிறு துண்டுகளாகப் பொலபொலவென்று உதிரும்.

இந்த விந்தை பழையது. உருகிய கண்ணாடிச் சொட்டைத் தண்ணீரில் விட்டால் வால் முளைத்த துளி உண்டாகும். 1660-ல் இளவரசர் ரூபர்ட் இத்துளிகளை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். தலையைச் சுத்தியலால் அடித்தாலும் தாங்கும். வாலைக் கிள்ளினால் முழுவதும் தூளாகும்!

வேலிக் கண்ணாடிக்கும் இப்படியொரு பலவீனமான இடம் உண்டு: அதன் விளிம்பு. அங்கே கல் பட்டால் ஆபத்து. கடினப்படுத்திய பின் வெட்டவோ துளையிடவோ முடியாது. ஆகவே அளவுகளை முன்பே சொல்லிவிட வேண்டும். சட்டமில்லாத வேலிக்கு 12 மில்லிமீட்டர் தடிமன் வழக்கம். கட்டடங்களுக்கான பாதுகாப்புக் கண்ணாடிக்கு ஐ.எஸ். 2553 என்ற இந்தியத் தர நிர்ணயம் இருக்கிறது. அந்த எண்ணைக் கேட்டு வாங்கலாம்.

வீட்டு நீச்சல் குளங்கள் மலிந்த ஆஸ்திரேலியாவில் வேலியின் உயரம் குறைந்தது 1.2 மீட்டர் இருக்க வேண்டும்; இடைவெளி 10 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது. கதவு தானாகவே மூடித் தாழிட்டுக்கொள்ள வேண்டும். அது குளத்துக்கு எதிர்ப்புறமாகத்தான் திறக்கவும் வேண்டும். ஏன் தெரியுமா? தாழ் சரியாக விழாத நேரத்தில் குழந்தை குளத்தை நோக்கிக் கதவைத் தள்ளினால், அது திறக்காது. மேலும் அழுந்தி மூடிக்கொள்ளும்.