பருவம் கடந்த பாட்டு

நுழையும்முன்

ஒரு குரலை நாடே கொண்டாடுகிறது. சில ஆண்டுகளில் அதே நாடு வேறொரு குரலைத் தேடிச் செல்கிறது. வெகுமக்கள் இசையின் வரலாறு நெடுகிலும் இந்நிகழ்வைக் காணலாம். இளமையில் கிடைத்த புகழ் இளமையோடு நீங்கியபின் கலைஞரிடம் எஞ்சுவது எது? பதினொன்றாம் வகுப்பு மாணவருக்குரிய வயதில் உலகப் புகழ் பெற்ற கனடா நாட்டுப் பாடகர் பால் ஆங்காவின் வாழ்வு இவ்வினாவிற்கு விடை கூறுகிறது.

இளையோர் நாயகர்கள்

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பத்தாண்டுகளில் வட அமெரிக்கக் குடும்பங்களின் பொருள்வளம் பெருகியது. பள்ளி மாணவர் கைகளிலும் செலவிடுவதற்குச் சிறிது பணம் புழங்கியது. நிமிடத்திற்கு 45 முறை சுழலும் ஏழு அங்குல இசைத்தட்டு 1949ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. கையில் எடுத்துச் செல்லத்தக்க டிரான்சிஸ்டர் வானொலி 1954ஆம் ஆண்டில் வந்தது. அதுவரை வீட்டுக் கூடத்தில் பெற்றோருடன் அமர்ந்து கேட்கப்பட்ட இசை, இப்போது இளையோரின் தனியுடைமை ஆயிற்று. இளையோர் நடனமாடும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளும் நாடு முழுவதும் ஒளிபரப்பாயின.

இச்சூழலில் இசைத்தட்டு நிறுவனங்கள் பதின்பருவத்தினரைக் கவரும் இளம் பாடகர்களைத் தேடின. அழகிய முகம், இனிய குரல், கேட்போரை ஒத்த வயது ஆகிய மூன்றும் அமைந்தவர்கள் இளையோர் நாயகர்களாக உருவாக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பிறர் எழுதித் தந்த பாடல்களையே பாடினர். முகமும் வயதும் மாறியபோது அவர்களுடைய புகழும் மங்கியது. இந்நாயகர்களின் வரிசையில் ஒருவராகவே பால் ஆங்காவும் உலகிற்கு அறிமுகமானார். எனினும், அவரிடம் வேறொன்றும் இருந்தது. அவர் தம் பாடல்களைத் தாமே எழுதினார்.

ஒட்டாவாவிலிருந்து நியூயார்க்கிற்கு

பால் ஆங்கா கனடாவின் தலைநகரான ஒட்டாவாவில் 1941ஆம் ஆண்டு சூலை 30ஆம் நாள் பிறந்தார். அவருடைய குடும்பம் லெபனான், சிரியா நாடுகளை வேராகக் கொண்டது. பெற்றோர் உணவகம் நடத்தினர். தேவாலயப் பாடகர் குழுவில் இணைந்து பாடியதே சிறுவன் ஆங்காவின் தொடக்க இசைப் பயிற்சியாகும். பள்ளி நாள்களில் நண்பர்களுடன் சேர்ந்து மூவர் குழு ஒன்றிலும் பாடினார்.

அவருடைய முதல் இசைத்தட்டு 1956ஆம் ஆண்டில் வெளிவந்து, விற்பனையாகாமல் போயிற்று. முதல் முயற்சி தோற்றது என்பதற்காக அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. அடுத்த ஆண்டு, உறவினர் ஒருவர் அளித்த நூறு டாலருடன் நியூயார்க் நகருக்குச் சென்றார். அங்கே இசைத்தட்டு நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய டான் கோஸ்டா என்னும் இசையமைப்பாளர் முன்னிலையில் தம் பாடல்களைப் பாடிக் காட்டினார். அவற்றுள் ஒன்று ‘டயானா’. தன்னினும் வயதில் மூத்த பெண்மீது ஓர் இளைஞன் கொண்ட அன்பைக் கூறும் பாடல் அது.

1957ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அப்பாடல் வெளிவந்தது. பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் ஒன்பது வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. அமெரிக்காவிலும் விற்பனையின் உச்சத்தைத் தொட்டது. அப்போது ஆங்காவின் வயது பதினாறு. ‘டயானா’வின் இசை அமைப்பு மிக எளியது. ஒரே வரிசையில் சுழன்று வரும் நான்கு சுரச் சேர்க்கைகளின்மேல் அதன் மெட்டு நடக்கிறது. அக்காலப் பாடல்கள் பலவற்றிற்கும் பொதுவான அமைப்பே அது. ஆனால், சொல்லத் தயங்கும் ஓர் உணர்வைச் சொல்ல முனைந்த சிறுவனின் குரல் அதில் மெய்யாக ஒலித்தது. பெரியவர்கள் இளையோருக்காகக் கற்பனை செய்து எழுதிய பாடல்களினின்றும் அதனை வேறுபடுத்தியது இம்மெய்ம்மையே.

ஆரவாரத்தின் நடுவே

தொடர்ந்து ‘லோன்லி பாய்’, ‘புட் யுவர் ஹெட் ஆன் மை ஷோல்டர்’, ‘பப்பி லவ்’ முதலிய பாடல்கள் 1959, 1960ஆம் ஆண்டுகளில் பெருவெற்றி பெற்றன. அவர் சென்ற இடமெல்லாம் இளம் பெண்கள் கூடி ஆர்ப்பரித்தனர்.

இந்த ஆரவாரத்தைக் கனடா நாட்டுத் திரைப்பட வாரியம் ஆவணப்படமாக்கியது. வுல்ப் கோனிக், ரோமன் குரோய்ட்டர் ஆகிய இருவரும் இயக்கி 1962ஆம் ஆண்டில் வெளிவந்த அப்படத்தின் பெயரும் ‘லோன்லி பாய்’ என்பதே. ‘தனித்த சிறுவன்’ என்பது அதன் பொருள். மேடையில் நிற்கும் நாயகனை மட்டுமன்றி, அந்நாயகன் உருவாக்கப்படும் முறையையும் படம் காட்டுகிறது. மேலாளர்கள் அவருடைய தோற்றத்தைப் பற்றியும் எதிர்காலத்தைப் பற்றியும் திட்டமிட்டுப் பேசுகின்றனர். ஆயிரக்கணக்கானோர் பெயர் சொல்லிக் கூவும்போதும் அந்த இளைஞரின் முகத்தில் களைப்பு படிந்திருக்கிறது. புகழை வியந்து பாராட்டுவதோடு நில்லாமல், அதன் விலையையும் கணக்கிட்டுக் காட்டியதால் அப்படம் ஆவணப்பட வரலாற்றில் இடம்பெற்றது.

பிறருக்காக எழுதிய பேனா

1958ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் நடைபெற்ற இசைப் பயணத்தில் ஆங்காவுடன் பங்கேற்றவர்களுள் ஒருவர், ராக் இசையின் முன்னோடிகளில் ஒருவரான பட்டி ஹாலி. ஆங்கா அவருக்காக ‘இட் டஸண்ட் மேட்டர் எனிமோர்’ என்னும் பாடலை எழுதினார். அதே ஆண்டு அக்டோபரில் ஹாலி அதனை நரம்பிசைக் கருவிகளின் துணையுடன் பாடிப் பதிவு செய்தார். 1959ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் நேர்ந்த விமான விபத்தில் இருபத்திரண்டு வயதே நிரம்பிய ஹாலி உயிரிழந்தார். அவர் மறைவிற்குப் பின் அப்பாடல் பிரித்தானியப் பட்டியலில் முதலிடம் பெற்றது. அதன்வழித் தமக்குச் சேர வேண்டிய ராயல்டி என்னும் உரிமைத்தொகையை, ஹாலியின் மனைவிக்குச் சேரும்படி ஆங்கா வழங்கிவிட்டார். அப்போது அவருக்கு வயது பதினெட்டுகூட நிரம்பவில்லை.

இந்நிகழ்வில் ஆங்கா கற்ற பாடம் ஒன்று உண்டு. பாடகர் இறந்த பின்னும் பாடல் வாழும். ஒருவர் எழுதிய பாடல் மற்றொருவர் குரலில் தனி வாழ்வு பெறும். பின்னர் அவர் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கும் இசை தந்தார். ஜானி கார்சன் நடத்திய ‘தி டுநைட் ஷோ’ என்னும் நிகழ்ச்சி, ஆங்காவின் மெட்டில் அமைந்த முகப்பிசையுடன் 1962 முதல் 1992 வரை முப்பது ஆண்டுகள் ஒளிபரப்பாயிற்று. அவ்விசையைக் கேட்டவர்களுள் பலர், அதனை அமைத்தவர் ‘டயானா’ பாடிய சிறுவர் என்பதை அறியாமலே கேட்டனர்.

அலை மாறியது

1964ஆம் ஆண்டு பிப்ரவரியில் இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவினர் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றினர். பிரித்தானிய இசைக்குழுக்களின் அலை அமெரிக்காவை ஆட்கொண்டது. அதுவரை பட்டியல்களை ஆண்ட இளையோர் நாயகர்கள் ஒருவர்பின் ஒருவராக மறக்கப்பட்டனர். ஆங்காவின் பாடல்களும் முன்னிடங்களை இழந்தன. அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு.

எனினும் அவர் வீழ்ந்துவிடவில்லை. அதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, எழுதும் திறன். மற்றொன்று, உரிமை பற்றிய விழிப்பு. தம் தொடக்ககாலப் பாடல்களின் மூல ஒலிப்பதிவுகள் நிறுவனத்தின் உடைமையாக இருந்த நிலையை மாற்ற, அவற்றை அவர் 1960களின் முற்பகுதியில் விலைகொடுத்து வாங்கினார். கலைஞர் பலர் தம் படைப்பின் பயன் பிறரைச் சேர்வதை முதுமையில்தான் உணர்ந்தனர். ஆங்காவோ அதனை இளமையிலேயே உணர்ந்தார்.

ஓர் இரவில் பிறந்த பாடல்

பிரான்சில் 1967ஆம் ஆண்டில் ‘கொம் தாபித்யூத்’ என்னும் பிரெஞ்சுப் பாடல் வெளிவந்தது. குளோத் பிரான்சுவா அதனைப் பாடினார். ழாக் ரெவோவும் பிரான்சுவாவும் இசையமைக்க, ழில் திபோவும் பிரான்சுவாவும் சொற்களை எழுதினர். அன்பு வறண்டு, நாள்தோறும் ஒரே பழக்கமாகிப் போன இருவரின் வாழ்க்கையே அதன் பொருள். பிரான்சில் விடுமுறையைக் கழித்த ஆங்கா அப்பாடலைக் கேட்டு, அதன் ஆங்கில உரிமையைப் பெற்றார்.

அந்நாள்களில் புகழ்பெற்ற பாடகர் பிராங்க் சினாட்ரா, இசையுலகை விட்டு விலகப் போவதாக ஆங்காவிடம் கூறினார். அச்சொல் ஆங்காவின் உள்ளத்தில் தங்கியது. நியூயார்க்கில் நள்ளிரவு கடந்த வேளையில் தட்டச்சுப் பொறியின் முன் அமர்ந்த அவர், விடிவதற்குள் ஆங்கிலப் பாடலை எழுதி முடித்தார். அதுவே ‘என் வழி’ எனப் பொருள்படும் ‘மை வே’.

இங்கு நாம் கருதத்தக்கது அவர் செய்த மாற்றம். அவர் பிரெஞ்சுப் பாடலை மொழிபெயர்க்கவில்லை. மெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, சலித்துப்போன காதலின் இடத்தில், வாழ்வின் இறுதியை நெருங்கிய ஒருவர் தாம் கடந்து வந்த பாதையைத் திரும்பிப் பார்ப்பதை அமைத்தார். தாழ்ந்த குரலில் தொடங்கிப் படிப்படியாக உயரும் அம்மெட்டின் போக்கு, தயக்கத்தில் தொடங்கித் துணிவில் முடியும் இப்பொருளுக்கு முற்றும் பொருந்தியது. சொற்களும் ஆங்காவின் இயல்பான சொற்களல்ல. சினாட்ரா பேசும் பாங்கைச் செவியில் வாங்கி எழுதியவை. மெட்டுக்குப் பாட்டெழுதுதல் என்பது அசைகளை எண்ணி நிரப்புவதன்று. மெட்டின் உள்ளத்தையும் பாடுவோரின் உள்ளத்தையும் ஒருங்கே உணர்வது என்பதற்கு இது நல்ல சான்று.

சினாட்ரா 1968ஆம் ஆண்டு திசம்பர் 30ஆம் நாள் அப்பாடலைப் பதிவு செய்தார். அப்போது அவருக்கு வயது 53. எழுதியவருக்கு வயது 27. அதனை எழுதும் இளமை தம்மிடம் இருந்தது, பாடும் முதுமை இல்லை என்று ஆங்கா பின்னாளில் விளக்கினார். தாமே பாடிப் புகழ்பெறும் வாய்ப்பை விடுத்து, பாடலுக்கு உரிய குரலிடம் அதனை ஒப்படைத்தார். பிரித்தானியாவின் முதல் நாற்பது பாடல்களின் பட்டியலில் சினாட்ராவின் பதிவு 75 வாரங்கள் இடம்பெற்றது. பின்னர் எல்விஸ் பிரெஸ்லி, நினா சிமோன் முதலிய பலரும் அதனைப் பாடினர்.

தெரிந்து தெளிவோம்

அதே பிரெஞ்சு மெட்டுக்கு ஆங்காவிற்கு முன்பே ஆங்கிலச் சொற்களை எழுதியவர் டேவிட் போவி. அவருடைய பாடல் ஏற்கப்படவில்லை. அவ்வேமாற்றத்தின் தொடர்ச்சியாக அவர் இயற்றிய ‘லைப் ஆன் மார்ஸ்?’ 1971ஆம் ஆண்டில் வெளிவந்து, அவருடைய சிறந்த பாடல்களுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது.

பாராட்டும் திறனாய்வும்

1971ஆம் ஆண்டில் டாம் ஜோன்ஸ் பாடிப் புகழ்பெற்ற ‘ஷீ இஸ் எ லேடி’ ஆங்கா எழுதியதே. 1974ஆம் ஆண்டில், பதினைந்து ஆண்டு இடைவெளிக்குப் பின், அவர் பாடிய பாடல் மீண்டும் அமெரிக்காவில் முதலிடம் பெற்றது. ‘ஹேவிங் மை பேபி’ என்னும் அப்பாடல் குழந்தைப்பேறு பற்றியது. குழந்தையை ஆணுக்கு மட்டும் உரியதாகப் பேசுகிறது எனப் பெண்ணுரிமை அமைப்பினர் அதனைக் கண்டித்தனர். பின்னர் மேடைகளில் பாடுகையில், ‘என்’ என்னும் பொருள்தரும் சொல்லை ‘நம்’ என்னும் பொருள்தரும் சொல்லாக அவர் மாற்றிப் பாடியதுண்டு. ஒரு கலைஞரை மதித்தல் என்பது அவர் படைத்த அனைத்தையும் குறையற்றவை எனக் கொள்வதன்று. அவருடைய பாடல்கள் எழுப்பிய கேள்விகளையும் சேர்த்தே நினைவு கூர்தல் வேண்டும்.

படைப்பாளரின் பெயர் மறைந்துபோகும் இடரையும் அவர் சந்தித்தார். மைக்கேல் ஜாக்சன் மறைந்த 2009ஆம் ஆண்டில் ‘திஸ் இஸ் இட்’ என்னும் பாடல் வெளியிடப்பட்டது. அது 1983ஆம் ஆண்டில் ஜாக்சனும் ஆங்காவும் இணைந்து இயற்றியது. முதலில் ஆங்காவின் பங்கு குறிப்பிடப்படவில்லை. அவர் அதனைச் சுட்டிக்காட்டியதும், ஜாக்சனின் உடைமைகளை நிருவகித்தோர் தவற்றை ஏற்று உரிமையில் சரிபாதியை அவருக்கு அளித்தனர்.

எஞ்சி நிற்பது

கனடாவின் இசைப் பெருமக்கள் மன்றம் 1980ஆம் ஆண்டிலும், அமெரிக்காவின் பாடலாசிரியர் பெருமக்கள் மன்றம் 1993ஆம் ஆண்டிலும் ஆங்காவைத் தம் உறுப்பினராகச் சேர்த்துச் சிறப்பித்தன. பாடகராக உலகம் அறிந்த ஒருவரைப் பாடலாசிரியர் மன்றம் போற்றியது பொருத்தமானதே. அவர் பிறந்த ஒட்டாவா நகரில் சாலை ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

2021ஆம் ஆண்டில், 1959ஆம் ஆண்டின் பாடலான ‘புட் யுவர் ஹெட் ஆன் மை ஷோல்டர்’ சமூக ஊடகக் காணொளிகளின் வழியே இளையோரிடையே மீண்டும் பரவியது. அவர்களுள் பலர் ஆங்காவின் முகத்தை அறியார்; அவர் ஒரு காலத்தில் இளையோர் நாயகராக விளங்கியதையும் அறியார். பாடல் மட்டும் அறுபது ஆண்டுகளைக் கடந்து அவர்களிடம் வந்து சேர்ந்தது.

கலைஞருக்கு எஞ்சுவது எது என்னும் வினாவிற்கு இங்கே விடை கிடைக்கிறது. முகம் மாறும்; குரல் தளரும்; கூட்டம் கலையும். கற்ற தொழில் நிற்கும். பிறர் நெஞ்சை அறிந்து எழுதியவை நிற்கும். தமக்குரிய உரிமையைக் காத்துக்கொண்ட அதே கலைஞர், துயருற்ற ஒரு பெண்ணுக்கு அதனை விட்டுக்கொடுத்த செயலும் நினைவில் நிற்கும். இளமையில் வரும் புகழ் ஒரு வாய்ப்பு மட்டுமே. அதனை வாழ்நாள் உழைப்பாக மாற்றியதே பால் ஆங்கா வெகுமக்கள் இசைக்கு அளித்த நிலையான கொடை.

கற்பவை கற்றபின்

1. மெட்டுக்குப் பாட்டெழுதுவதற்கும் மொழிபெயர்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டை ‘மை வே’ பாடலின் வரலாற்றைக் கொண்டு விளக்குக.

2. நீங்கள் விரும்பிக் கேட்கும் பாடல்கள் ஐந்தின் பாடலாசிரியர், இசையமைப்பாளர் பெயர்களைக் கண்டறிந்து வகுப்பறையில் பகிர்க.

3. ‘படைப்பாளரின் உரிமையைக் காப்பது கேட்போரின் கடமையும் ஆகும்’ என்னும் தலைப்பில் கலந்துரையாடுக.