மாமாவின் ஃபைல் ஏன் மூடப்பட்டது? மருத்துவ ஆய்வுகளை உண்மையில் நடத்துவது யார்

என் மாமா மரக்காணம் உப்பளத்தில் நாற்பது வருஷம் வேலை பார்த்தவர். பல வருஷங்களுக்கு முன் சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனையில் (பேர் வேண்டாம்) சர்க்கரை நோய் மாத்திரை ஒன்றுக்கான ஆய்வில் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். மாத்திரை இலவசம், பரிசோதனை இலவசம். இரண்டு தடவை போனார். மூன்றாவது தடவை போகவில்லை. அவ்வளவுதான், கதை முடிந்தது.

ஆய்வுக்காரர்கள் மொழியில் இதற்கு 'லாஸ்ட் டு ஃபாலோ-அப்' என்று பேர். ஆள் தொடர்பில் இல்லை, ஃபைலை மூடு.

ரொம்ப நாள் கழித்து ஏன் போகவில்லை என்று சும்மா கேட்டேன். "அந்த மாத்திரை போட்டா பாத்தியில நிக்க முடியலப்பா, கண்ணு இருட்டிக்கிட்டு வந்துது. அதான் நிறுத்திட்டேன்" என்றார். இதை அங்கே சொன்னீர்களா என்றேன். "யாரு வந்து கேட்டாங்க?" என்றார்.

நான் மென்பொருள் துறையில் இருப்பவன். மருத்துவம் படித்தவன் இல்லை. ஆனால் இந்தப் பதில் என்னை விடவே இல்லை. ஒரு மாத்திரை பாதுகாப்பானதா என்று கண்டுபிடிக்கத்தானே அந்த ஆய்வே நடந்தது? அவர்களுக்கு வேண்டிய தகவல் மாமாவிடம் இருந்தது. மயக்கம் மாத்திரையால் வந்ததா, வெயிலில் தண்ணீர் குடிக்காமல் நின்றதால் வந்ததா என்று எனக்குத் தெரியாது. அதை ஆராய வேண்டியது அவர்கள் வேலை. ஆராயக் கையில் தகவலே போய்ச் சேரவில்லை.

அன்றிலிருந்து மருத்துவ ஆய்வுகள் எப்படி நடத்தப்படுகின்றன என்று படிக்க ஆரம்பித்தேன். புள்ளியியல் பற்றி எழுத ஆள் நிறைய இருக்கிறார்கள். நான் எழுதப்போவது அதற்கு முந்தைய விஷயம்: ஆய்வை தினசரி நடத்துகிற ஆட்கள், அவர்களை நிர்வகிக்கிற வேலை.

காணாமல் போனவர்கள் கணக்கைக் கெடுப்பது எப்படி

முதலில் ஒரு சின்னக் கணக்கு. எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை. 100 பேரை ஒரு ஆய்வில் சேர்க்கிறோம். 20 பேர் நடுவில் நின்றுவிடுகிறார்கள். மிச்சம் 80 பேரில் 4 பேருக்கு மயக்கம். அறிக்கையில் 5 சதவீதம் என்று வரும். பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் நின்றுபோன 20 பேரில் 12 பேர் மயக்கத்தால்தான் நின்றார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் உண்மை 100க்கு 16. மூன்று மடங்குக்கும் மேல்.

எந்தப் புள்ளியியல் நிபுணர் வந்தாலும் கேட்காத தகவலை உண்டாக்க முடியாது. எங்கள் துறையில் இதை 'சைலன்ட் ஃபெயிலியர்' என்போம். எரர் லாகில் ஒன்றும் இல்லை என்றால் இரண்டு காரணம் இருக்கலாம்: தப்பு நடக்கவில்லை, அல்லது தப்பை எழுதுகிற இடமே உடைந்திருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

ஆய்வுக்குள்ளே யார் யார்?

பேப்பரில் முதலில் வருவது முதன்மை ஆய்வாளரின் பேர். பெரும்பாலும் பேராசிரியர். அவருக்கு வார்டு, வகுப்பு, ஓபி எல்லாம் இருக்கும். ஆய்வின் சட்டப்படியான பொறுப்பு அவருடையது. ஆனால் நோயாளி அதிகம் பார்க்கிற முகம் அவருடையது இல்லை. அது கோஆர்டினேட்டர், அதாவது ஆய்வு ஒருங்கிணைப்பாளரின் முகம். அவரோடு ஆய்வு நர்ஸ், களப்பணியாளர், லேப் டெக்னீஷியன், மருந்தாளுநர், டேட்டா என்ட்ரி செய்பவர். எல்லோருக்கும் மேல் நிர்வாகத்தைப் பார்க்க ஒரு மேலாளர்.

கோஆர்டினேட்டரின் ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று வரவேண்டியவர்கள் யார், 'விசிட் விண்டோ' முடியப்போகிறவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். (30ஆம் நாள் வரவேண்டியவர் மூன்று நாள் முன்பின்னாக வரலாம் என்று திட்டத்தில் இருந்தால், அந்த இடைவெளிதான் விண்டோ.) சம்மதப் படிவத்தைத் தமிழில் விளக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால் ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி கூட இருக்க வேண்டும். எடுத்த ரத்தம் குறித்த நேரத்துக்குள் லேபுக்குப் போக வேண்டும். மருந்து ஃபிரிட்ஜின் வெப்பநிலையைக் குறித்துவைக்க வேண்டும். திரும்பி வந்த மாத்திரைகளை எண்ண வேண்டும்.

எல்லாவற்றையும் எழுதவும் வேண்டும். இந்தத் துறையின் தாரக மந்திரமே 'எழுதாதது நடக்கவில்லை' என்பதுதான். தப்பாக எழுதிவிட்டால் ஒயிட்னர் போடக்கூடாது. பழையது தெரியும்படி ஒரே கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். கோட் எழுதுகிறவர்களுக்கு இது பழக்கமான சமாச்சாரம்: வெர்ஷன் ஹிஸ்டரியை அழிக்காதே.

சட்டமும் இருக்கிறது. 2019 மார்ச்சில் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள்படி, நெறிமுறைக் குழுவில் குறைந்தது 7 பேர் இருக்க வேண்டும். பாதிப் பேராவது அந்த நிறுவனத்தைச் சேராதவர்கள். தலைவரும் வெளியாள். மருத்துவமோ அறிவியலோ சாராத ஒரு சாதாரண மனிதரும் உண்டு. ஆய்வில் சேர்ந்தவருக்குக் கடுமையான பாதிப்பு ஏற்பட்டால் ஆய்வாளர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். 2009 ஜூன் முதல் மருத்துவப் பரிசோதனைகளைத் தேசியப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிவதும் கட்டாயம்.

நல்ல விதிகள்தான். ஆனால் அந்த 24 மணி நேரம் எப்போது ஓட ஆரம்பிக்கிறது? யாருக்காவது தெரிந்தால்தானே? மரக்காணத்தில் ஒருத்தருக்குக் கண் இருட்டினால், சென்னையில் ஒரு கடிகாரமும் ஓடாது.

சேத்துப்பட்டில் 1956

இதைச் சரியாகச் செய்த ஒரு ஆய்வு வேறெங்கோ வெளிநாட்டில் நடக்கவில்லை. நம்ம மெட்ராஸில்தான் நடந்தது.

1950களில் காசநோய் என்றால் சானடோரியம். படுக்கை, ஓய்வு, நல்ல சாப்பாடு. நோயாளிகளின் எண்ணிக்கைக்கு முன்னால் இந்தியாவில் இருந்த படுக்கைகள் ஒன்றுமே இல்லை. மருந்தை வீட்டிலேயே வைத்துக் கொடுத்தால் குணமாகுமா? 1956ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மெட்ராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாலும் சேர்ந்து காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தை இங்கே தொடங்கின. பொறுப்புக்கு வந்தவர் வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர்.

193 நோயாளிகள். ஏழைகள், நெருக்கடியான வீடுகளில் இருந்தவர்கள். குலுக்கல் முறையில் ஒரு பகுதியினருக்கு சானடோரியம், மற்றவர்களுக்கு வீடு. இரண்டு பக்கமும் அதே மருந்து: ஐசோனியசிட், கூடவே பாஸ். ஒரு வருஷம், தினமும். 1959ல் முடிவு வெளியானது. ஒரு வருஷ முடிவில் சளியில் கிருமி அடங்கியவர்கள் வீட்டில் 86 சதவீதம், சானடோரியத்தில் 92 சதவீதம். சாப்பாடும் ஓய்வும் குறைவாக இருந்தும் இவ்வளவு நெருக்கம். பிறகு ஐந்து வருஷம் குடும்பத்தினரையும் தொடர்ந்து பார்த்ததில், நோயாளி வீட்டிலேயே இருந்ததால் கூடுதலாக நோய் பரவியதாகத் தெரியவில்லை. உலகம் முழுக்க காசநோய் சிகிச்சையை சானடோரியத்திலிருந்து வீட்டுக்குத் திருப்பியதில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு.

இதுவரை பலருக்கும் தெரிந்த கதை. நான் கவனித்தது வேறு. வீட்டில் இருப்பவர் மருந்தைச் சாப்பிட்டார் என்று எப்படித் தெரியும்? மையத்தின் ஆட்கள் வீட்டுக்கே போனார்கள். முன்கூட்டிச் சொல்லாமல் போய் மிச்சமிருந்த மருந்தை எண்ணினார்கள். சிறுநீரை எடுத்து மருந்து உடலுக்குள் போயிருக்கிறதா என்று சோதித்தார்கள். வராதவரைத் தேடிப் போனார்கள். ஒரு வருஷம், சந்து சந்தாக.

அந்த 86 என்ற எண்ணை நாம் நம்புவதற்குக் காரணமே அந்த நடைதான். பாதிப் பேர் காணாமல் போயிருந்தால் அந்த ஒப்பீட்டுக்கு அர்த்தமே இருந்திருக்காது, சானடோரியம்தான் சரி என்று வாதாடியவர்கள் சுலபமாகத் தள்ளிவிட்டிருப்பார்கள். சேத்துப்பட்டில் அந்த மையம் இன்றும் இருக்கிறது, இப்போது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பேரில்.

ஆட்களை நிர்வகிப்பது என்றால்

சரி, இன்றைக்கு வருவோம். ஆய்வு மேலாளர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, வேலையின் அளவு நோயாளிகளின் எண்ணிக்கையில் இல்லை, விசிட்களின் எண்ணிக்கையில் இருக்கிறது என்பது. மாதம் 10 பேர் வீதம் ஆறு மாதம் சேர்க்கிறோம். ஒவ்வொருவரும் சேரும்போது ஒரு தடவை, பிறகு 1, 2, 3, 6, 9, 12ஆம் மாதங்களில் வரவேண்டும். முதல் மாதம் 10 விசிட். நான்காம் மாதம்? புதியவர்கள் 10, பழையவர்கள் 30, ஆக 40. அதே ஒரு கோஆர்டினேட்டர், நாலு மடங்கு வேலை. முதல் மாதத்தைப் பார்த்து ஆள் போட்டவர் நான்காம் மாதம் மாட்டிக்கொள்வார். அப்போது முதலில் கைவிடப்படுவது எது? வராதவருக்குப் போன் போடுகிற வேலைதான். வந்து நிற்பவரைக் கவனிக்காமல் இருக்க முடியாது, வராதவர் சத்தம் போட மாட்டார்.

இரண்டாவது, ஒப்பந்தம். ஆய்வுப் பணியாளர்கள் பெரும்பாலும் ஒரு திட்டத்துக்கென்று எடுக்கப்படுபவர்கள். திட்டம் முடியும்போது வேலையும் முடியும். கடைசி ஆறு மாதத்தில் அவர்கள் வேறு வேலை தேடாமல் என்ன செய்வார்கள்? ஆய்வுக்கு அதிமுக்கியமான கடைசி விசிட்களின்போதுதான் அனுபவசாலி கிளம்பிப்போகிறார். புதியவர் கையில் ஒரு பட்டியல் கிடைக்கும். 'இவர் பகலில் போனை எடுக்க மாட்டார், சாயங்காலம் அவர் மருமகளைக் கூப்பிடணும்' என்பது பட்டியலில் இருக்காது. மாமா விஷயத்திலும் நடுவில் ஆள் மாறியிருந்தார். அவர்களிடம் இருந்த நம்பர் தெருமுனைக் கடையுடையது.

ஆகவே நல்ல மேலாளர் செய்யக்கூடியவை சில உண்டு. அடுத்த திட்டத்துக்கு ஆளை முன்கூட்டியே உறுதி செய்வது. போகிறவரும் வருகிறவரும் சில வாரமாவது சேர்ந்து வேலை செய்ய வழி பண்ணுவது. கேட்டு எழுதியதை மட்டும் பார்க்காமல், யாரையெல்லாம் இன்னும் கேட்கவில்லை என்று வாரம் ஒருமுறை பார்ப்பது. வராதவர் ஏன் வரவில்லை என்பதற்கும் படிவத்தில் ஒரு இடம் வைப்பது. கெட்ட செய்தி கொண்டுவரும் பணியாளரைத் திட்டாமல் இருப்பது. திட்டு வாங்கினவர் அடுத்த தடவை கட்டத்தை நிரப்பிவிட்டுப் போய்விடுவார்.

உப்பளத்துக்கு வந்தால்

எங்கள் பக்கம் இப்படிப்பட்ட ஆய்வுகள் அவசியம் தேவை. ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவன ஆய்வாளர்கள் தமிழ்நாட்டின் 7 உப்பளங்களில் 352 தொழிலாளர்களை ஆராய்ந்து 2023ல் வெளியிட்டார்கள். பெரும்பாலானவர்கள் பாதுகாப்பான அளவைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்தார்கள், சுமார் 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தது. இது மாதிரி இன்னும் பல கேள்விகளுக்குப் பல வருஷம் ஆட்களைத் தொடர்ந்தால்தான் பதில் கிடைக்கும்.

தொடர வேண்டுமானால் உப்பளத்தின் நேரம் தெரிய வேண்டும். விடியுமுன் பாத்தியில் இறங்குகிற ஆளை காலை பத்து மணிக்கு வெறும் வயிற்றோடு வா என்றால் ஒரு நாள் கூலி போச்சு. உப்பு வாருகிற கோடையில் அது முடியாத காரியம். வடகிழக்குப் பருவமழையில் வேலை இருக்காது, அப்போது வருவார், ஆனால் வெயிலின் பாதிப்பை அளக்க மழைக்காலம் உதவாது. எனவே பாத்திக்கே, வேலைக்கு முன்பும் பின்பும் ஆள் போக வேண்டும். கூலி இழப்பும் பஸ் செலவும் பட்ஜெட்டில் முதலிலேயே இருந்து, நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் வாங்கியிருக்க வேண்டும்.

களப்பணிக்கு அதே ஊர்ப் பெண் ஒருவரை எடுப்பது நல்லது. யார் எந்தப் பாத்தியில், யார் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார் என்று அவருக்குத் தெரியும். இதில் ஆபத்தும் இருக்கிறது. ஊர்க்காரரிடம் தன் நோயைச் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் உண்டு. மருத்துவமனை பேர் போட்ட ஜீப் வாசலில் நின்றால் தெருவுக்கே தெரிந்துவிடும். ரகசியம் காப்பது எப்படி என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுப்பதும் மேலாளர் வேலைதான்.

போன மாதம் ஊருக்குப் போனபோது, இதெல்லாம் எழுதப்போகிறேன் என்று மாமாவிடம் சொன்னேன். மெட்ராஸில் அந்தக் காலத்தில் வீடு தேடிப் போய் மாத்திரையை எண்ணின கதையையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார்.

"நம்ம வீட்டுக்கு வந்திருந்தா எண்ணியிருக்கலாம்பா," என்றார். "பாதிக்கு மேல அப்படியேதான் இருந்துது."