வள்ளி திருமணத்தில் ஒரு வெள்ளைக் கொக்கு

மதுரையிலிருந்து தென்காசி போகும் சாலையில் திருமங்கலம், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் என்று ஊர்கள் வரிசையாக வரும். பங்குனியிலும் சித்திரையிலும் இந்தப் பக்கம் அம்மன் கோயில் பொங்கல் என்றால் ஸ்பெஷல் நாடகமும் உண்டு. அந்த மேடை தந்த மாபெரும் ராஜபார்ட், தியாகி விசுவநாத தாஸ். பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிழக்கே சிவகாசியில், 1886-ல். குடியிருந்தது திருமங்கலத்தில்.

ஸ்பெஷல் நாடகத்துக்கு ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து, பபூன் வேறெங்கிருந்தோ. கதை எல்லாருக்கும் தெரியும். பாட்டும் தர்க்கமும் அவரவர் சரக்கு. ஆர்மோனியக்காரர் சுருதி பிடித்துவிட்டால் விடிய விடிய நடக்கும்.

இந்த அமைப்பில்தான் தாஸின் பலம் இருந்தது என்று நினைக்கிறேன். அரசுக்கு எதிராக வெறுப்பூட்டும் நாடகத்தைத் தடுக்க 1876-லேயே வெள்ளையர் சட்டம் போட்டிருந்தார்கள். ஆனால் எதைத் தடுப்பது? சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமண’த்தையா? ஏட்டில் இல்லாத பாட்டை எந்த அதிகாரி முன்கூட்டியே படித்துப் பார்க்க முடியும்? தினைப்புனத்தில் வள்ளி பறவை ஓட்டும் கதை அது. மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய கொக்குப் பாட்டு அதற்குள் இயல்பாகப் போய் உட்கார்ந்துகொண்டது. அந்த வெள்ளைக் கொக்கு யார் என்று, மண்ணில் உட்கார்ந்து பார்த்த சனங்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 1919 ஜாலியன்வாலா பாக் படுகொலையைப் பற்றியும் தாஸ் பாடினார்.

அதே அமைப்புதான் அவரை வாட்டியது. சென்ற வாரம் பார்த்த நார்வே நடிகர் யோஹான்னஸ் புருனுக்குப் பெர்கனில் 1850-ல் ஓலெ புல் தொடங்கிய அரங்கம் இருந்தது. இறந்த பிறகு தலைநகரில் சிலையும் வைத்தார்கள். தாஸுக்குப் பின்னால் கம்பெனி என்று ஒன்று இல்லை. மேடையேறினால்தான் கூலி. பாடியதற்காகத் திரும்பத் திரும்பச் சிறைக்குப் போனார். போன நாளெல்லாம் வீட்டில் வருமானம் இல்லை, கடன் ஏறியது. ஒரு வழக்கில் வ.உ.சி. அவருக்காக வாதாடினார்.

இன்னொரு கொடுமையும் உண்டு. மருத்துவர் என்றும் நாவிதர் என்றும் அழைக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர் என்பதற்காக அவரோடு ஜோடி சேர மறுத்த நடிகைகள் இருந்தார்கள். முருகனாக அவர் வந்து நின்றால் கைகூப்பிய ஊர்களில், வேடத்தைக் கலைத்த பிறகு அவருக்கு என்ன மரியாதை கிடைத்திருக்கும் என்பதை எண்ணும்போது கோபம்தான் வருகிறது.

1940 டிசம்பர் 31. சென்னை ராயல் தியேட்டரில் ‘வள்ளி திருமணம்’. உடல்நலம் குன்றியிருந்தும் மேடையேறினார். மயில்மேல் முருகனாக அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே உயிர் பிரிந்தது. வயது 54.

திருமங்கலத்தில் அவர் வாழ்ந்த வீட்டை அரசு நினைவில்லமாக்கியிருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் போகிறவர்கள் அந்த ஊரைத் தாண்டித்தான் போகிறார்கள். ஒரு தடவையாவது இறங்கிப் பாருங்கள். பள்ளிப் பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள்.

அடுத்த வாரம்: பாட்டு எழுதிக் கொடுத்த பாஸ்கரதாஸ்.